ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும்

செய்தி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மிற் பலருடைய மனம் தலைநகரங்களை நோக்கி ஓடுகின்றது. அமைச்சரவை மாறிற்று, அயல்நாட்டிற் போர் மூண்டது, பொன்விலை ஏறிற்று என்பன போன்றவையே செய்தி எனக் கருதுகின்றோம். ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மடை திறந்தது, வாழைத்தார் விலை இறங்கிற்று, பாலத்தின் கைப்பிடிச் சுவர் பிளந்தது, மூதாட்டி ஒருத்தி காலமானாள் என்று ஒருவன் கூறப்புகுவானாயின், ‘இதுவும் ஒரு செய்தியோ?’ என்று நகைக்கின்றோம். இந்நகைப்புத் தகாதது என்பதும், சிற்றூரின் அன்றாடச் செய்தியே அவ்வூரைக் காக்கும் அறிவு என்பதும், அதனை எழுதிவைக்கும் கடமை கற்றவராகிய நம்மைச் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையிற் கூறக் கருதியவையாம்.

பொதுப்படக் கூறுவதினும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கூறுதல் தெளிவு தரும். பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தை நோக்குவோம். பொதிகையிற் பிறந்த அவ்வாறு ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரம் ஓடிப் புன்னைக்காயலிற் கடலொடு கலக்கின்றது. அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது இவ்வூரில் உள்ளது. ஏனைய ஏழும் பழைய காலத்தன. இஃது ஒன்றே ஆங்கிலேயர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. இதனினின்று வடகால், தென்கால் என இரு பெருங்கால்கள் பிரிந்து வயலையும் வாழைத்தோட்டத்தையும் வளர்க்கின்றன. வைணவர் போற்றும் நவதிருப்பதிகளுள் ஒன்று இவ்வூர்; குமரகுருபர அடிகள் பிறந்ததும் இவ்வூரே. இவ்வளவும் நூல்களிற் காணக்கிடைப்பன. ஆயின், ஊரார் நாள்தோறும் ஒருவரை ஒருவர் வினவிக்கொள்வன இவையல்ல.

‘பாபநாசத்தில் எத்தனை அடி?’ என்பதே ஆங்குக் காலையில் எழும் முதல் வினா. கார்ப் பயிருக்குத் தண்ணீர் விடுவார்களா, பிசானத்துக்கு நீர் போதுமா, கடைமடைக்கு என்றைக்கு வந்து சேரும் என்பன அதனைத் தொடர்வன. ஏலத்தில் வாழைத்தார் என்ன விலைக்குப் போயிற்று, பதநீர் இறங்கத் தொடங்கிற்றா, ஆத்தூர் வெற்றிலைக்கு இவ்வாரம் எவ்வளவு கிடைக்கும், அம்மன் கோயிற் கொடைக்கு வரி எத்தனை, கோயிலாலயத்து அசனத்துக்கு அரிசி யார் தருகின்றார், வைகாசியிற் கருட சேவைக்குக் கூடுதல் பேருந்து உண்டா, யார் வீட்டிற் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு என்றிவ்வாறு அவ்வினாக்கள் விரியும். இவற்றுள் ஒன்றேனும் தலைநகரத்துப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் இடம்பெறாது. எனினும் இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சோற்றையோ, கடனையோ, துயரையோ, மகிழ்ச்சியையோ தொட்டு நிற்பது. நீர் ஒரு வாரம் முந்தி வருமென அறிந்தவன் நாற்றுப் பாவுகின்றான். அறியாதவன் நாற்றங்காலைக் காயவிடுகின்றான். இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு சிறு செய்தியே அன்றோ?

இத்தகைய ஊரின் பெயரை நாடெங்கும் ஒருநாள் உச்சரித்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெய்த பெருமழை பலர் நினைவிலும் இருக்கும். 18-ஆம் நாட் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்திற் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்தற்குரியது ஏறத்தாழ ஒரே நாளிற் கொட்டிற்று எனலாம். திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவுப் புகைவண்டி 17-ஆம் நாள் இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பாற் செல்லும் இருப்புப்பாதையின் கீழிருந்த சரளையும் மண்ணும் அரிக்கப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. வண்டியிலிருந்த பிரயாணிகள் ஏறக்குறைய 800 பேர். அவர்களை மீட்டு வெளியேற்றும் பணி 19-ஆம் நாளிலேயே முற்றுப்பெற்றது. அந்நாட்களில் ஸ்ரீவைகுண்டம் என்னும் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒலித்தது. வெள்ளம் வடிந்தது, அப்பெயரும் வடிந்தது.

இங்கே சிந்தித்தற்குரிய ஒன்றுண்டு. வானூர்தி வழியே உணவு இறக்கப்பட்டதைப் பலரும் கண்டனர், போற்றினர். அதற்கு முன்னரே, தாமும் வெள்ளத்தாற் சூழப்பட்டிருந்த புதுக்குடி ஊரார், தம்மிடமிருந்த அரிசியையும் பிற பொருள்களையும் கொண்டு சமைத்து அப்பிரயாணிகளுக்கு உணவளித்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த வேளையிற் சிற்றூர் ஒன்று நூற்றுக்கணக்கானோர்க்கு உலை வைப்பது எங்ஙனம் கூடும்? அன்பு ஒன்றே போதுமென்பார்க்கு யாம் மறுப்புக் கூறோம். ஆயினும் அன்புக்குக் கையுங் காலும் வேண்டும். யார் வீட்டில் நெல் அவித்து அரிசியாக்கி வைத்துளர், பெரிய அண்டாக்கள் எங்கே உள, விறகு நனையாதிருப்பது எவ்விடம், நூறு பேர்க்கு அளவறிந்து உப்பிடத் தெரிந்தவர் யார் என்பன ஊரார்க்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். கொடையிலும் அசனத்திலும் திருமணத்திலும் துக்கத்திலும் ஒருவரை ஒருவர் அறிந்த அறிவே அன்றைக்குச் சோறாயிற்று என்பது எம் கருத்து. நாம் அற்பமென்று தள்ளும் ஊர்ச் செய்தியின் பயன் அதுவே.

இனி, ஆபத்து ஒருநாளில் வருவது போலத் தோன்றினும், அதன் வேர் பல்லாண்டுகளாகச் சிறிது சிறிதாக ஊன்றியதாகும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டினுள்ளே மணலும் வண்டலும் செடிகொடிகளும் நெடுங்காலம் சேர்ந்து அதன் கொள்ளளவைக் குறைத்தன. அவ்வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரையிற் சென்ற பின்னரே, 2015-ஆம் ஆண்டில், தூர்வாரும் பணி தொடங்கிற்று. தூர் ஓரிரவிற் சேர்வதன்று. இவ்வாண்டு ஒரு சாண், மறுவாண்டு ஒரு முழம் என்று சேர்வது. வெடித்தது, வீழ்ந்தது, எரிந்தது என்பவற்றைப் பத்திரிகை உடனே அறியும். சேர்ந்தது, தேய்ந்தது, குறைந்தது என்பவற்றை அவ்விடத்திலேயே வாழ்பவன் மட்டுமே அறிவான். அவன் அதனைத் தேதியிட்டு எழுதிவைத்தால் அது சான்றாகும். எழுதாது விடின் முறையீடாகவே நின்று, கேட்பாரற்றுப் போகும்.

எழுதாமையால் வரும் இழப்பிற்கு அவ்வூருக்கு அணித்தேயுள்ள ஆதிச்சநல்லூரைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை. 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஜாகோர் அங்கே அகழ்ந்தார். 1899 முதல் 1905 வரையில் அலெக்சாந்தர் ரீ என்பார் விரிவாக ஆராய்ந்தார். ஈமத்தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொற்பட்டங்களும் வெளிப்பட்டன. அம்மக்கள் தம் முன்னோரைப் பேணிப் புதைத்தனர் என்று அறிகின்றோம். ஆயின், எவ்வாண்டு வெள்ளம் வந்தது, எவ்வாறு அதனின்று தப்பினர், எதற்காக மகிழ்ந்தனர், யாரொடு பிணங்கினர் என்பவற்றுள் ஒன்றும் அறியோம். தாழி நிலைத்தது, செய்தி நிலைக்கவில்லை.

இதற்கு மறுதலையாக, புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைமின். 1736 முதல் தாம் மறைந்த 1761 வரையில் அவர் எழுதிய நாட்குறிப்பில் அரசியற் பெருநிகழ்ச்சிகளொடு, கப்பல் வந்ததும், சரக்கு விலையும், திருமணமும், வழக்கும், ஊரிற் பேசிக்கொண்டதும் ஒருங்கே இடம்பெற்றன. அந்நூல் நெடுநாள் மறைந்து கிடந்து, 1846-இலேதான் கண்டெடுக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் வரலாறு எழுதுவோர் அதனை இன்றும் தேடிச் செல்கின்றனர்; தமிழ் மக்கள் அக்காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விழைவோரும் தேடிச் செல்கின்றனர். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிய ஒருவருடைய ஊக்கம், ஒரு நகரத்தின் கால் நூற்றாண்டை மறதியினின்று மீட்டது.

‘ஊர்ச் செய்தி என்பது ஊர்வம்பே அன்றோ?’ என்று சிலர் வினவுவர். இரண்டும் ஒன்றல்ல. ஒருவன் வீட்டுக்குள் நிகழ்ந்ததைப் பிறர் நகைத்தற்பொருட்டுக் கூறுவது வம்பு. பலர் வாழ்வைத் தொடுவதைப் பலரும் அறிந்து பயன்கொள்ளும்பொருட்டுக் கூறுவது செய்தி. வம்புக்குச் சான்று வேண்டுவதில்லை, செய்திக்கு வேண்டும். வம்பு பேர்களைத் தேடும். செய்தி காரணங்களைத் தேடும்.

‘கைப்பேசி வழியே யாவும் நொடிப்பொழுதிற் பரவுகின்றனவே, எழுதிவைப்பானேன்?’ என்பார் வேறு சிலர். பரவுதல் வேறு, நிலைத்தல் வேறு. வாட்ஸ்அப்பிற் காலையில் வந்தது மாலையில் நூறு செய்திகளுக்கு அடியிற் புதைகின்றது. கண்டவர் யார், கேட்டவர் யார், எந்நாளில் எடுத்த படம் என்பன தெரிவதில்லை. சென்ற ஆண்டின் வெள்ளப்படம் இவ்வாண்டின் வெள்ளமாக உலவுவதும் உண்டு. அன்றியும், கோபுரம் செயலற்ற கணத்தில் அவ்வாயில் முற்றும் அடைபடுகின்றது. 1992-ஆம் ஆண்டு நவம்பரில் தாமிரபரணியிற் பெருவெள்ளம் வந்தபோது தம் தெருவில் நீர் எதுவரை ஏறிற்று என்று கூறவல்ல முதியோர் இன்னும் உளர். அவர் கூற்று எழுத்தில் ஏறாதாயின், அவரொடு அதுவும் மறையும். அடுத்த தலைமுறை நீர் ஏறிய இடத்திலேயே வீடு கட்டி, மீண்டும் ஒருமுறை வியப்போடு வெள்ளத்தைச் சந்திக்கும்.

மற்றொன்றையும் மறைவின்றிக் கூறுதல் வேண்டும். ஊர்ச் செய்தி என்ற பெயரால் நடுத்தெருவின் செய்தி மட்டும் எழுதப்படுமாயின் அது செய்தியன்று, பாதிச் செய்தி. தலைமடைக்காரன் குரல் எங்கும் கேட்கும். கடைமடைக்காரன் குரல் கேளாது. தோட்டத்தின் பட்டா ஒருவர் பேரிலும், அதன் பயிர் குத்தகைக்கு எடுத்த வேறொருவர் உழைப்பிலும் இருப்பது நம் நாட்டிற் புதிதன்று. வெள்ளம் வாழையைச் சாய்த்தபின், அதனை நட்டவர் யார் என்பதற்கு எழுத்து இல்லையாயின், இழப்பீடு யார் கையிற் சேரும்? தார் சுமப்போர், பனையேறுவோர், களையெடுக்கும் மகளிர் ஆகியோர் எத்தனை நாள் வேலையிழந்தனர் என்பதனை எக்கணக்கிற் காண்பது? எண்ணப்படாதவர்க்கு எதுவும் ஈயப்படுவதில்லை. ஆதலின், ஊரின் கடைசித் தெருவிலிருந்து எழுதத் தொடங்குவானே உண்மையான ஊர்ச் செய்தியாளன்.

இனிச் செய்யத்தக்கது யாது? மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் குளத்தங்கரை ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டைக் கைக்கொண்மின். நாளை எழுதுக, படித்துறையில் எத்தனையாம் படிவரை நீர் நிற்கின்றது என்று எழுதுக, மடை திறந்த நாளையும், கடைமடைக்கு நீர் வந்த நாளையும் எழுதுக, சந்தையில் விளைபொருளுக்குக் கிடைத்த விலையை எழுதுக. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதுக. வழக்குள்ள விஷயத்தில் இருதரத்தார் கூற்றையும் வாங்கி எழுதுக. பிறர் மானத்தைக் குறைக்கும் சொல்லை விலக்குக. முதியோரிடம் சென்று பழைய வெள்ளம், வறட்சி, நோய் ஆகியவற்றைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில், வீட்டுக்காரர் இசைவு பெற்று, நீர் ஏறிய அளவையும் ஆண்டையும் சுவரில் வண்ணத்தாற் குறித்துவைமின். இதற்குப் பெரும்பொருள் வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களும் இதற்குத் துணைபுரிதல் கூடும். கட்டுரைப் பயிற்சிக்கு ‘நிலா’, ‘கடற்கரை’ என்னும் தலைப்புகளையே ஆண்டுதோறும் தருவதினும், ‘எம்மூர்க் கால்வாய்’, ‘எம்மூர்ச் சந்தை’ என்பவற்றைத் தருவது மாணாக்கர் தமிழுக்கும் நலம், ஊருக்கும் நலம். அங்ஙனம் எழுதப்பட்டவற்றுள் தக்கவற்றை நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கி ஊர்வாரியாக வைக்கலாம். பல ஊர்களிற் பல பதவிகளில் இருக்கும் பழைய மாணவர்கள் தத்தம் ஊர்க் குறிப்புகளை அனுப்பி அவ்வலமாரியை நிரப்பலாம். பத்தாண்டுகளில் அது, எந்தத் தலைநகரத்துப் பத்திரிகையும் தரவியலாத களஞ்சியமாகும்.

உலகச் செய்தியை வெறுக்குமாறு யாம் கூறினோமல்லோம். உலகை அறியாதவன் கிணற்றுத் தவளை. ஆயினும், தான் இருக்குங் கிணற்றின் ஆழமும் அறியாத தவளையை என்னென்பது? நாடென்பது ஊர்களின் தொகுதி. ஊர் தன்னைத் தானே அறிந்து, தன் நன்மை தீமைகளைத் தன் மொழியில் எழுதிவைக்குமாயின், ஆபத்துவந்த நாளில் மட்டும் பிறர் வாயில் ஒலிக்கும் பெயராக அது நில்லாது. அதற்குத் தொடக்கம், கற்றவர் ஒருவர் தம் தெருவில் இன்று நடந்ததை இன்றே ஒரு பக்கம் எழுதுவதாகும்.