முக்திநாத் பயணம்: இருபது நிமிடத்துக்கு இரண்டு நாள்!

108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமமாகப் பலரும் வணங்குவது நேபாளத்தின் முக்திநாத்தை. யாத்திரை நோட்டீஸ்களில் 'பொக்காரா - ஜோம்சோம், விமானத்தில் 20 நிமிடம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால், அதை மட்டும் நம்பி ஊர் திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கே போட்டால் சிக்கல்தான்.

இரண்டு ஊர்களுக்கும் வான்வழியில் சுமார் 70 கிலோமீட்டர். பொக்காரா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜோம்சோம் 2,700 மீட்டருக்கும் மேலே. இடையில் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவும், 8,167 மீட்டர் தவளகிரியும் நிற்கின்றன. ஏறக்குறைய 20 பேர் மட்டுமே உட்காரும் சின்ன விமானம் இந்தச் சிகரங்களின் தலைக்கு மேலே பறக்காது. இரண்டுக்கும் நடுவே காளி கண்டகி நதி அறுத்து வைத்திருக்கும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் நுழைந்து போகும். மேகம் இறங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

மேகம் இல்லாவிட்டாலும் காற்று விடாது. வெயில் ஏற ஏற வடக்கே இருக்கும் வறண்ட முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப, தெற்கிலிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும். அதனால்தான் விமானங்கள் விடிந்ததும் கிளம்பி, முற்பகலுக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்கின்றன. காலையில் தவறவிட்டால் பெரும்பாலும் மறுநாள்தான். பொக்காராவில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே 'ரத்து' என்பார்கள். தடை வழியிலோ ஜோம்சோமிலோ இருக்கும்.

அப்போது கவுன்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. 2022 மே 29 அன்று இதே தடத்தில் சென்ற விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இந்தியர்கள். 'இன்று பறக்க முடியாது' என்று சொல்பவர் நம் உயிருக்காகத்தான் சொல்கிறார்.

ஜீப், பஸ்ஸிலும் போகலாம். பேனி வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். கரடுமுரடான மலைப்பாதை என்பதால் முழுப் பகலும் போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானத்தில் 20 நிமிடத்தில் ஏறுவது ஏறக்குறைய 1,900 மீட்டர். இறங்கிய கையோடு ஜீப் பிடித்தால், கோயில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் வரலாம். ஜோம்சோமில் ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். மேலே போனபின் மூச்சுத்திணறல் கூடினால், 108 தாரையில் நீராடும் ஆசையை விட்டுவிட்டு உடனே கீழே இறங்குங்கள்.

திட்டம் போடும்போது இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். தேவையான மருந்துகள், ஸ்வெட்டர், கொஞ்சம் நேபாளப் பணம் மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும். விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டால், மிச்சமான நாளில் பொக்காராவின் பேவா ஏரியில் படகில் போய் வரலாம்.