மிச்சம் அலுவலகத்துக்கு, செலவு யாருக்கு?

கட்டைபறிச்சானில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஓடி வந்தபோது காணிப் பத்திரங்கள் தொலைந்துபோயின. அந்தக் காணி தொடர்பாக விசாரிக்க முன்பு உத்தியோகத்தர் ஒருவர் ஊருக்கு வந்துபோவார். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டோடு அந்த வருகை நின்றுபோனது. திருகோணமலைக்கு வரும்படி அக்காவுக்குச் சொன்னார்கள். மூதூர், கிண்ணியா என்று பஸ்ஸில் சுற்றிப் போனால் அன்றைய கூலி இல்லை. முதல் தடவை பொறுப்பானவர் விடுமுறை. இரண்டாம் தடவை ஒரு போட்டோக் கொப்பி குறைவு. மூன்றாம் தடவை போய் வந்து சொன்னார்: "அவங்களுக்கு எண்ணெய் மிச்சம் தம்பி, எனக்கு மூண்டு நாள் கூலி போச்சு."

அரச செலவுக் குறைப்பு பற்றி நான் கேட்ட மிகச் சரியான விளக்கம் இதுதான். அலுவலகக் கணக்கில் குறையும் செலவு பல வேளைகளில் இல்லாமல் போவதில்லை. அது மக்களின் மடிக்கு இடம் மாறுகிறது.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. அதே மாத இறுதியில், செலவைக் கட்டுப்படுத்தும்படி திறைசேரி சுற்றறிக்கை அனுப்பியது. ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு செல்லவும் அனுமதித்தார்கள். ஆண்டு முடிவில் ஓய்வுபெறும் வயது 60 ஆனது. பணமில்லாத அரசு செலவைக் குறைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதைக் குறைப்பது என்ற கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது?

திணைக்களங்களிடம் மட்டும் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின், 1921 இல், பிரித்தானியத் திறைசேரி ஒவ்வொரு திணைக்களத்திடமும் சிக்கன யோசனை கேட்டது. வந்த யோசனைகள் போதவில்லை. அதனால் எரிக் கெடஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். 1922 இல் அந்தக் குழு 87 மில்லியன் பவுண் வெட்டைப் பரிந்துரைத்தது. கடற்படை உரத்து எதிர்த்தது. அரசு கடைசியில் ஏற்றுக்கொண்டது 52 மில்லியன் அளவுதான். குரல் உள்ளவர்கள் வெட்டிலிருந்து கொஞ்சமாவது தப்பலாம் என்பது அன்றே தெரிந்த விடயம்.

எங்கள் நாட்டிலும் அதே கதைதான். 2023 ஜனவரியில், இரண்டு இலட்சத்தைத் தாண்டிய இராணுவ ஆளணியை 2024 இல் 135,000 ஆகவும், 2030 இல் ஒரு இலட்சமாகவும் குறைப்பதாக அறிவித்தார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம். உள்ளூராட்சித் தேர்தலுக்கோ ஒரு நாள் அவகாசமும் இல்லை. 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. மார்ச் 19 உடன் சபைகளின் காலம் முடிந்தது. அதற்குப் பின் இரண்டு வருடத்துக்கு மேல் பிரதேச சபைகள் அதிகாரிகளின் கையில் இருந்தன. தெருவிளக்கு எரியவில்லை, ஒழுங்கை வெள்ளத்தில் அரித்துப்போனது என்று சொல்ல எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இல்லை. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம்.

போரால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு இந்த வெட்டுகள் இரட்டைப் பாரம். மற்ற ஊரவருக்கு அரச அலுவலகம் எப்போதாவது போகும் இடம். எங்களுக்கு அப்படியல்ல. பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், காணி, காணாமல் போனோர் விவகாரம் என்று எதற்கும் அலுவலகப் படிதான். சம்பூர் மக்கள் ஏறத்தாழ பத்து வருடம் கட்டைபறிச்சான், பட்டித்திடல், கிளிவெட்டி முகாம்களில் இருந்தார்கள். முதலீட்டுக்கென எடுத்த 818 ஏக்கர் 2015 இல் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 இல் கிடைத்தது. காணி கிடைத்தாலும் கடதாசி வேலை அதோடு முடிவதில்லை. ஒரு களப்பயணத்தை நிறுத்தினால் அலுவலகத்துக்கு ஒரு வாகனத்தின் எண்ணெய் மிச்சம். அதற்காக ஐம்பது குடும்பம் பஸ் ஏறவேண்டும்.

இப்போது சபைகள் திரும்ப வந்துவிட்டன. வருட இறுதியில் பாதீடு வரும், சிக்கனப் பேச்சும் வரும். ஊர்மக்களையும் குழுக்களில் சேர்த்துக்கொள்ள 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பயன்படுத்தலாம். யோசனை சொல்ல எங்களிடமும் ஆளுண்டு. ஒரு திணைக்களம் கொடுத்த பிரதியை இன்னொரு திணைக்களம் மறுபடி கேட்கவேண்டாம். நாலு அலுவலகத்து உத்தியோகத்தர்கள் மாதத்தில் ஒருநாள் ஒரே வாகனத்தில் ஊருக்கு வரலாம். பொறுப்பானவர் இல்லாத நாளை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர் மூலம் அறிவிக்கலாம். இவை எல்லாம் அரசுக்கும் மிச்சம், எங்களுக்கும் மிச்சம்.

எந்தச் சிக்கன யோசனைக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல் வேண்டும்: இதனால் மக்களுக்கு எவ்வளவு செலவு? அந்த நிரலை நிரப்ப அலுவலகக் கதிரையில் இருப்பவரால் மட்டும் முடியாது. வெளியே வாங்கில் காத்திருக்கும் அக்காவிடமும் கேட்கவேண்டும்.