பாட்டுக்கு விலை உண்டா?

அரிசி விற்றால் மூட்டை குறையும். துணி விற்றால் கட்டு குறையும். இணையத்தில் பாட்டு விற்றால் மட்டும் எதுவும் குறைவதில்லை. கோடிப் பேர் இறக்கிக்கொண்டாலும் பதிவு விற்றவரிடம் அப்படியே இருக்கும். பின் காசு எதற்கு என்று கேட்போர் பலர். எங்கள் வகுப்பிலும் உண்டு!

தோழியரே, நகலெடுக்கச் செலவில்லை என்பது மெய்தான். ஆனால் முதற்பதிவுக்கு? பாடகர், வாத்தியக்காரர், ஒலிப்பதிவுக்கூடம் அனைத்துக்கும் பணம் வேண்டுமன்றோ?

2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டொன்றை 99 சென்டுக்கு விற்றது. திருட்டு நகல்கள் தாராளமாகக் கிடைத்த காலம் அது. அப்படியிருந்தும் முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன. விலை நியாயமாயிருந்தால் மக்கள் கொடுக்கவே செய்கின்றனர். ஆனால் அந்த 99 சென்டில் ஏறத்தாழ 70 சென்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. பாடியவருக்கு அதிலிருந்து சிறு பங்குதான். எங்களை உறுத்துவது இதுவே.

2007 அக்டோபரில் இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவினர் தங்கள் புதிய தொகுப்பைத் தாங்களே இணையத்தில் விற்று, விலையைக் கேட்பவர் விருப்பத்துக்கே விட்டனர். பெயர் பெற்றவர்க்கு அது சரி. புதியவர் என்ன செய்வார்? 2008இல் தோன்றிய பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞரே விலை வைக்கலாம். தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

இன்று மாதச் சந்தா கட்டிக் கேட்பதே பெருவழக்கம். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். வாங்கியதோ நம்மிடமே இருக்கும். பத்துப் பாட்டு கேட்டால் ஒன்றையேனும் பாடியவரிடம் வாங்கலாமே என்கிறோம். மீதி ஒன்பதைப் பற்றி வகுப்பில் இன்னும் சண்டை ஓயவில்லை.