கூட்டத்தோடு தனியாக ஒரு பயணம்

தமிழ் படித்தவர்கள் பழங்கோயில்களைக் காணப் புறப்பட்டால் தனி வண்டி அமர்த்திக்கொள்வார்கள். அல்லது தம்மைப் போன்ற நான்கு பேரைச் சேர்த்துக்கொள்வார்கள். சுற்றுலாப் பேருந்தில் ஐம்பது பேருள் ஒருவராகச் செல்வதை நம்மவர் சற்று இளப்பமாகவே நோக்குவர். நாமும் அண்மைக்காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் மாறிய விதத்தையும், மாறுகையில் நேர்ந்த ஒரு வெட்கத்தையும் இங்கே பதிவு செய்ய விழைகிறோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள்கள் விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும். காரைக்காலைச் சார்ந்த பட்டினச்சேரியில் குடும்பம் குடும்பமாக ஊர் பார்க்கப் புறப்படுவதற்கு உகந்த பருவம் அதுவே. கடந்த தடைக்காலத்தில், தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டித் திரும்பும் பேருந்தில் ஓர் இருக்கை கேட்டோம். “துணைக்கு யாரும் வரலியா டீச்சர்?” என்றார் பதிவு செய்தவர். பேருந்தில் ஏறிய பின்னர் அதே வினாவைப் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். நம் ஊரில் ஒரு பெண் தனியாகப் பயணம் செய்தால், ஒன்று வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லையேல் வீட்டில் சண்டை இருக்க வேண்டும். கோயில் பார்க்கும் ஆசை ஒரு காரணமாக எவருக்கும் தோன்றுவதில்லை.

தனியாக வந்த பெண்ணுக்கு அருகில் பெண்ணையே அமர்த்துவது பேருந்து வழக்கம். அவ்வகையில் நம் பக்கத்து இருக்கைக்கு வந்தவர், கூடை சுமந்து மீன் விற்கும், அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர். நாகூர் தாண்டுமுன் முறுக்குப் பொட்டலம் பிரிந்தது. திருவாரூர் வருவதற்குள் நம் குடும்ப வரலாறு முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தனிமையை நாடிச் சென்ற நமக்கு முதலில் இது எரிச்சலாகவே இருந்தது.

தஞ்சையில் ஐம்பது நிமிடம் தந்தார்கள். 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில். ஏறத்தாழ 216 அடி உயர விமானம். இவற்றை ஒழுங்காகவே சொன்ன வழிகாட்டி, அடுத்து வழக்கமான கதைக்கு வந்தார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றார். மே மாதத்து வெயில். வெறுங்காலில் கல்தரை சுட்டது. சூடு தாளாத நம் கூட்டம் மேற்குப் பக்கத்தில் ஒரு நிழலுக்குள் ஒண்டி நின்றுதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கை அம்மையார் மெல்லக் கேட்டார்: “அப்ப நாம நிக்கிறது யாரு நெழலு டீச்சர்?”

உச்சிச் சிகரம் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அத்தகைய கதையே. அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆயினும் வழிகாட்டியை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நம் நிலை என்ன என்பது அடுத்த சில நிமிடங்களில் வெளிப்பட்டது.

விமானத்தின் அடிப்பகுதி முழுவதும் வரிவரியாகக் கல்வெட்டுகள். அந்த அம்மையார் அவற்றைப் பார்த்தபடியே நடந்தார். பிறகு நம்மிடம் திரும்பி, “இவ்வளவு எழுதியிருக்கே, யாரு பேரெல்லாம் இருக்கு டீச்சர்?” என்றார்.

“ராஜராஜ சோழன் பேரு” என்றோம்.

“ஒருத்தர் பேரா இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கு?”

விடை சொல்ல இயலவில்லை. தமிழிலக்கியத்தில் முதுகலை, கல்லூரியில் இருபதாண்டுக் காலமாகத் தமிழ் கற்பிக்கும் தொழில். அந்த வரிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகள் பிடிபட்டனவேயன்றி ஒரு தொடர் பிடிபடவில்லை. அது வேற்று மொழியன்று, தமிழ். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. வடசொற்கள் சில இடங்களில் கிரந்தத்தில் வரும். சில மாதங்கள் முறையாகப் பழகினால் படித்துவிடலாம். நாம் பழகவில்லை. நாம் பயின்ற நாளில் கல்வெட்டியல் என்பது தேர்வுக்குரிய ஐந்து மதிப்பெண் குறிப்பு. ஒரு சுவரின் முன்னே நம்மை எவரும் நிறுத்தியதில்லை. நாமும் நம் மாணவரை நிறுத்தியதில்லை.

தாராசுரத்தில் நுண்சிற்பங்களைக் கண்ணால் தடவிச் செல்லும் அளவுக்கே பொழுது கிடைத்தது. கங்கைகொண்டசோழபுரத்தை அடைந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. அங்கே ஆடவல்லான் சிற்பத்தின் அருகில் வற்றிய உடலுடன் அமர்ந்திருக்கும் பேயுருவைச் சுட்டி, “இது நம்ம காரைக்கால் அம்மையார்” என்றோம். அடுத்த கணம் கூட்டம் முழுவதும் அங்கே திரண்டது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்கும் மக்கள் அல்லவா! “நம்ம அம்மையா? இங்கியா?” என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். புனிதவதியார் பேயுரு வேண்டிப் பெற்ற கதையை நாம் சொல்ல, விட்ட இடங்களை அவர்கள் நிரப்பினார்கள். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார், ஒருவரும் அசையவில்லை.

சுற்றுலாக் கூட்டத்துக்குக் கலையில் நாட்டமில்லை, படம் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் என்பது நம்மிடையே நிலவும் கருத்து. அது தவறு என்று அந்த மாலையில் உணர்ந்தோம். சொல்வதற்கு ஆள் இருந்தால் அவர்கள் நிற்கிறார்கள். சொல்ல வேண்டியவர்களோ தனி வண்டியில் வந்து, தமக்குள் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் விழாத நிழலும் எண்பது டன் கல்லும் குடியேறுகின்றன.

ஊர் திரும்பியதும் கல்லூரி நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைத் தேடி எடுத்தோம். ஹுல்ஷ் பதிப்பித்த அதன் முதற்பகுதி 1891-இல் வெளிவந்தது. தாம் கொடுத்தவற்றோடு, தம் தமக்கையும் தம் பெண்டிரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு அரசன் பணித்திருக்கிறான். கோயிலுக்கென அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் ஒரு கல்வெட்டில் உள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பன ஆளுக்கு ஆள் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், விளக்கேற்றுவோர் என அப்பட்டியல் தொடர்கிறது. அப்பெண்டிருள் திருவாரூரிலிருந்து வந்தவர் பலர். அன்று காலை முறுக்குத் தின்றபடி நாம் கடந்து சென்ற அதே திருவாரூர்.

அடுத்த வாரம் பட்டினச்சேரியில் அந்த அம்மையாரைக் கண்டு இதைச் சொன்னோம். “வூட்டு நம்பரோடயா?” என்று வியந்தார். சற்றுப் பொறுத்து, “இத அன்னிக்கே அங்க வச்சுச் சொல்லியிருந்தா அந்தப் பேரையெல்லாம் ஒருதரம் பாத்துட்டு வந்திருப்பேனே டீச்சர்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. நமக்கு அது குறையாகவே பட்டது.

1987-இல் தஞ்சைக் கோயிலும் 2004-இல் மற்ற இரண்டும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அந்தப் பெருமையை மேடையில் பேச நம்மிடம் ஆள்களுக்குக் குறைவில்லை. ஒரே ஒரு சுவரையேனும் படிக்கத் தெரிந்து, கூட்டத்தோடு பேருந்தில் ஏறி, கேட்கிறவர்க்கு வாசித்துக்காட்டும் தமிழாசிரியர்கள்தாம் வேண்டும். பயண ஏற்பாட்டாளர்களிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: மூன்று கோயில்களுக்கு மாறாக ஒன்றைக் காட்டுங்கள், அரைநாள் தாருங்கள்.

கல்வெட்டெழுத்துகளைப் பழகத் தொடங்கியிருக்கிறோம். இன்னும் தடுமாற்றந்தான், காலும் ரகரமும் மயங்குகின்றன. வரும் தடைக்காலத்துப் பேருந்தில் அதே இருக்கைக்குச் சொல்லிவைத்தாயிற்று. பக்கத்து இருக்கைக்கும் ஆள் உறுதி.