சோர்ந்த ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை எதற்கு?

புட்டியில் அடைத்த பீரில் நுரை வராவிட்டால் சர்க்கரையைக் கூட்டு என்பது பெங்களூரின் ஈஜிபுரா போன்ற இடங்களில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் சொல்லும் வைத்தியம். கணக்கே இதற்கு எதிராக நிற்கிறது. 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயு கிடைக்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை என்பது சாதாரண பீருக்குப் போலவே 10 சதவீத ஆல்கஹால் உள்ள பீருக்கும் போதும். ஆனால் அந்த வலுத்த பீரில் வாரக்கணக்கில் ஆல்கஹாலில் ஊறிச் சோர்ந்து, பாதிக்கு மேல் அடியில் படிந்துவிட்ட ஈஸ்ட்டுக்கு அந்த 6 கிராமையே தின்னத் தெம்பில்லை. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்தார் தங்கள் 9.5 சதவீத டிரிப்பலைப் புட்டியில் அடைக்கும்போது சர்க்கரையோடு புது ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள்.

பொறுத்திருந்தால் தானே நுரைக்கும் என்பார்கள். சில சமயம் நுரைக்கும்தான்; ஆனால் பெங்களூரின் டிசம்பர் இரவுக் குளிரில் ஈஸ்ட் இன்னும் மந்தமாகும். புது ஈஸ்ட் மிச்ச இனிப்பையும் தின்று புட்டியை வெடிக்கச் செய்யாதா என்ற கேள்வி நியாயமானது. ஹைட்ரோமீட்டர் அளவு சில நாட்கள் அசையாமல் நின்ற பிறகு, மால்ட்டோட்ரையோஸ் என்ற மால்ட் சர்க்கரையைத் தொடாத ஷாம்பெயின் ஈஸ்ட்டைச் சிறிதளவு சேர்த்தால் அந்த அபாயம் வெகுவாகக் குறையும். கூட்டிய சர்க்கரையோ புட்டிக்குள் அப்படியே கிடக்கும்; ஏப்ரல் வெயிலில் ஈஸ்ட் விழித்தால் வெடிப்பது அந்தப் புட்டிதான்.