நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், என் கைப்பேசிக்குப் பறவைப் படங்கள் வர ஆரம்பிச்சிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன சொந்தக்காரங்க, ஊர்ப்பக்கம் அரை ஏக்கர் வாங்கிப் போட்டுட்டு சனி ஞாயிறு வந்து போறவங்க, எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான். "அண்ணா, கலர் கலரா ஒரு குருவி வாசல்ல நிக்குதுங்க. கிளியா, மீன்கொத்தியா? யாராவது வளர்த்தது கூண்டுல இருந்து தப்பிச்சு வந்துருச்சோ?"

பெரும்பாலும் அது ஆறுமணிக் குருவியாகத்தான் இருக்கும். பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் நெஞ்சு, வெள்ளைத் தொண்டை, கண் மேலே கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் நவ்ரங் என்பார்கள், ஒன்பது நிறம் என்று. இத்தனை நிறம் ஒரே உடம்பில் இருப்பதுதான் நம்மாட்களைக் குழப்புகிறது. பச்சையைப் பார்த்தவர் கிளி என்கிறார், நீலத்தைப் பார்த்தவர் மீன்கொத்தி என்கிறார்.

என் கட்சி இதுதான்: தெரியாத பறவை வந்தால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று பாருங்கள். மீன்கொத்தி கம்பியிலோ கிளையிலோ அசையாமல் உட்கார்ந்து, இரையைக் கண்டால் பாயும். ஆறுமணிக் குருவி தரையில் தத்தித் தத்திப் போகும், சருகைப் புரட்டும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும். இந்த ஒரு வித்தியாசம் போதும், படமே வேண்டாம். அடுத்தது அலகு, அப்புறம் வால். நிறம் வெயிலில் ஒன்றாகவும் நிழலில் ஒன்றாகவும் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். ஆண் குயில் கன்னங்கரேல்னு இருக்கும், பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோட இருக்கும். அதைப் பார்த்துட்டு "புதுசா ஒரு பறவை" என்று எனக்குப் படம் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். கொண்டலாத்தியை அதன் கொண்டையையும் நீள அலகையும் வைத்து மரங்கொத்தி என்பவர்களும் நிறைய. அது மரத்தைக் கொத்துவதே இல்லை. தரையில் நடந்து மண்ணைக் குத்திப் புழு எடுக்கிற பறவை.

எங்க பக்கத்துப் பெரியவங்க இந்த வரிசையில்தான் பார்த்திருக்காங்கன்னு பேரைக் கேட்டாலே தெரியும். வாலை ஆட்டினால் வாலாட்டி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக் கொடுத்தால் ஆள்காட்டி. இலையைத் தைத்துக் கூடு கட்டினால் தையல் சிட்டு. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் ரெண்டு சுதியில் விசிலடித்தால் ஆறுமணிக் குருவி. நிறத்தை வைத்தும் பேர் இருக்கு, தவிட்டுக்குருவி மாதிரி. ஆனால் பாதிப் பேர் அது செய்யும் வேலையைச் சொல்வதுதான். இன்னைக்கு மெர்லின் செயலி படத்தையும் குரலையும் வைத்துப் பேர் சொல்லிவிடுகிறது. நானும் வச்சிருக்கேன், நல்ல சாமான்தான். ஆனா அது இங்கிலீஷ் பேரைச் சொன்ன உடனே போனைப் பாக்கெட்ல போட்டுடறோம். பேர் கிடைச்சா வேலை முடிஞ்சது என்கிற நினைப்புதான் எனக்கு ஒத்துக்கல.

ஏன்னா, வேலை அதுக்கப்புறம்தான் இருக்கு. இந்தக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம்ம ஊருக்கும் இலங்கைக்கும் வருது. ஐம்பது அறுபது கிராம்தான் எடை, ராத்திரியில் பறந்து வருது. களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி, கண்ணாடி ஜன்னலில் மோதி விழும். நீங்க வாசலில் பார்ப்பது பல சமயம் அப்படி விழுந்ததைத்தான். பூனைக்கும் நாய்க்கும் அது சுலபமான இரை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குள் போய்விடும். தெளிந்ததும் புதர் ஓரமாக விட்டுவிடுங்கள். அழகா இருக்குன்னு கூண்டில் போட்டால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தெளிந்து எழுந்த குருவி எங்கே போய்ச் சாப்பிடும்? சருகுக்கு அடியில் இருக்கும் கறையான், எறும்பு, மண்புழு, பூச்சிதான் அதுக்குச் சோறு. என் வேலியோரம் புங்க மரத்தடியில் சருகை நான் கூட்டறதில்லை. மார்கழி, தை வரைக்கும் அங்கே ஒண்ணு தத்திக்கிட்டே இருக்கும், பங்குனி கடைசி சித்திரை வாக்கில் கிளம்பிடும். எங்க பக்கத்துத் தோட்டத்தை வாங்கினவர் மூணு மாசத்துக்கு ஒருமுறை ஆள் விட்டுச் சுத்தமாக் கூட்டி, சருகைக் குவிச்சு நெருப்பு வைக்கிறார். மிச்ச இடத்தில் டைல்ஸ். கேட்டா, "பாம்பு வந்துரும்ங்க" என்கிறார். பயம் நியாயமானதுதான், வீட்டைச் சுற்றிப் பத்தடி சுத்தமா வச்சுக்கட்டும். அதுக்காக வேலி வரைக்குமா? அதே ஆளுதான் போன வருஷம் என்கிட்ட வந்து, "உங்க தோட்டத்துக்கு வர்ற அந்தக் கலர்க் குருவி நம்ம பக்கம் வரவே மாட்டேங்குதே, என்ன தீனி போடலாம்?" என்று கேட்டார். கடையில் விக்கிற தினையைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அது தானியம் தின்கிற சாதி இல்லை. "கூட்டறதை நிறுத்துங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்த வருஷமும் புகை வந்தது.

படம் அனுப்பறவங்க தாராளமா அனுப்புங்க. கூடவே எந்த நேரம், தரையா மரமா, வாலை ஆட்டுச்சா என்கிற மூணையும் எழுதுங்க. நிறம் எழுத வேண்டாம், அது படத்திலேயே தெரியும்.