உறைமோர்

பால் தானாகத் தயிராவதில்லை. எவ்வளவு நல்ல பசுவின் பாலாயினும், எவ்வளவு துலக்கிய பாத்திரமாயினும், அதனுள் ஒரு கரண்டி பழைய தயிரோ மோரோ விழுந்தாலன்றி நல்ல தயிர் கிடைப்பதில்லை. சும்மா வைத்திருந்தால் திரிந்து கெட்டுப்போகும், அவ்வளவே. அந்த ஒரு கரண்டியைத்தான் நம் வீடுகளில் உறைமோர் என்கிறோம். பிரை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. அது முந்திய நாள் தயிரிலிருந்து வந்தது. முந்திய நாள் தயிர் அதற்கு முந்திய நாளதிலிருந்து வந்தது. நடுவில் என்றேனும் ஒரு நாள் தயிர் தீர்ந்திருந்தால், கிண்ணத்தோடு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள்.

நம் ஆண்டவர் உவமையாகச் சொன்ன புளிப்பு மாவும் இவ்வகையினதே. இன்று ரொட்டிக் கடைக்காரர் வாங்கும் ஈஸ்ட் பொட்டலம் அன்று பாலஸ்தீனத்தில் இல்லை. பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அது புளித்தபின் அடுத்த முறை மாவோடு சேர்த்துப் பிசைவார்கள். மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்துப் பெண் இப்படித்தான் மூன்று மரக்கால் மாவுக்குள் அதைப் பொதிந்து வைக்கிறாள். அம்மூன்று அளவும் சேர்ந்து ஏறக்குறைய 40 லிட்டர் வரும் என்பர். நூறு பேருக்குமேல் உண்ணலாம். மம்ரேயில் ஆபிரகாமைக் காண வந்த விருந்தினர் மூவருக்காகச் சாரா பிசைந்ததும் இதே மூன்று அளவுதான். மறையுரைகளில் அந்த மாவு பொங்கி எழுவதையே பெரிதாகப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் பொங்குவதற்கு முன்பே அப்பெண்ணின் கையில் புளித்த மாவு ஒரு பிடி இருந்தது என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? அதை யாரோ அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்திலேயே, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததை நினைவுகூர்கிறார். தந்தையோ கிரேக்கர். வீட்டில் ஒருவர் மட்டும் செபிக்கிறார், மற்றவர் ஒதுங்கியிருக்கிறார் என்று வருந்துகிற மனைவியரும் கணவரும் இந்த இரு பெண்களை மறக்கவேண்டாம்.

நம் தமிழ்நாட்டுக் கதையும் வேறல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழ் அறியாதவர். மொழி தெரிந்தவர்களைக் கொண்டு முக்கிய செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருவில் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அச்சிறுவரைப் பணித்ததாக 1544 ஜனவரியில் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். ஒவ்வோர் ஊரிலும் தங்கியிருக்க அவரால் முடியாது. ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

பின்னர் 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனில் எஞ்சியிருந்த குருக்கள் மிகச் சிலர், அவர்களும் மூப்படைந்தார்கள். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபையார் 1837-இல் வந்து சேரும்வரை 64 ஆண்டுகள், பல சிற்றூர்களில் குருவானவரைக் காண்பதே அரிதாயிற்று. கோவையிலிருந்தல்ல, கோவாவிலிருந்தும், புதுச்சேரியிலிருந்தும் சில குருக்கள் இயன்ற அளவு சுற்றி வந்தார்கள். மற்ற நாட்களில் உபதேசியார் செபம் சொல்வித்தார். தாய்மார் குழந்தையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையப் பழக்கினார்கள். பூசையின்றி, அச்சிட்ட நூல் பெரும்பாலும் இன்றி, விசுவாசம் அறுபத்துநான்கு ஆண்டு பட்டுப்போகாமல் நின்றது அடுப்பங்கரைத் திண்ணையில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததை நம் முன்னோர் முன்னதாகவே வாழ்ந்து காட்டினார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

உறை ஊற்றுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. இது என்னைவிட நம் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் மோரில் உள்ள நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். ஆறிக் குளிர்ந்த பாலில் ஊற்றினால் மார்கழியில் மறுநாள் நண்பகல்வரை பாலாகவே கிடக்கும். விரல் பொறுக்கும் சூடு வேண்டும். அடித்து உதைத்துச் செபமாலைக்கு உட்கார வைக்கும் தகப்பனார் கொதிக்கும் பாலில் உறை ஊற்றுகிறார். ஊற்றிய பின் பாத்திரத்தை அசைக்கலாகாது. பிள்ளை செபிக்கிறானா, கண்ணை மூடியிருக்கிறானா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் அசைப்பதே. இன்னொன்றும் உண்டு. உறைமோர் மிகப் புளித்திருந்தால் தயிரும் புளிக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்து, மதியச் சோற்றோடு பங்குக்குருவின் குறைகளையும் பாடகர் குழுவின் சண்டையையும் பிள்ளைகள் முன்பாகப் பரிமாறுகிற வீடுகளை நான் அறிவேன். (குறை இல்லை என்று சொல்லவில்லை, பிள்ளைகள் முன்பாக வேண்டாம் என்கிறேன்.)

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு தாய் என்னிடம் வந்து அழுதார். மகன் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். மணமாகி ஐந்து வயதில் மகள் உண்டு. திருமுழுக்குக்குப் பிறகு அந்தக் குழந்தை கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. “சாமி, நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் கேட்பான்” என்றார். மறைக்கல்வியில் பரிசு வாங்கிய பிள்ளை அவன். “உங்கள் வீட்டில் மாலைச் செபம் எப்போது நின்றது, அம்மா?” என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, படிப்புக் கெடும் என்று நிறுத்தினார்களாம். தேர்வு முடிந்தது, செபம் திரும்பவில்லை. வாரத்தில் 168 மணி நேரம். அதில் மறைக்கல்விக்கு ஒரு மணி நேரம். வீட்டில் ஒரு கரண்டி இல்லாதபோது அந்த ஒரு மணி நேரம் என்ன செய்யும்?

கடிதம் எழுத நான் இசையவில்லை. முதலில் உங்கள் வீட்டில், நீங்களும் உங்கள் கணவரும் மட்டுமாயினும், மாலையில் பத்து நிமிடம் உட்காருங்கள் என்றேன். “எங்களுக்கே பழக்கம் விட்டுப்போயிற்று, சாமி” என்றார். அப்படியானால் இரவல் வாங்க வேண்டியதுதான். விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுக்கலாகாது என்றொரு வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வீண் பயம், விட்டுவிடுங்கள். இந்த உறைமோரை விளக்கு வைத்தபின்தான் கொடுக்க முடியும். அவர் தெருவிலேயே நாள் தவறாமல் செபமாலை சொல்லும் ஒரு மூதாட்டி இருக்கிறார். கணவனும் மனைவியும் சில வாரம் அந்தத் திண்ணைக்குப் போனார்கள். பிறகு தம் வீட்டிலேயே தொடர்ந்தார்கள்.

மே விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து பாட்டியின் மடியில் உட்கார்ந்துகொண்டாளாம். சென்னைக்குத் திரும்பிய பிறகு ஓர் இரவு, சாப்பிடுமுன் அக்குழந்தை நெற்றியில் கை வைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, “அப்பா, நீங்களும்” என்றிருக்கிறாள். கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு அவனும் வரைந்தான் என்று மருமகள் தொலைபேசியில் சொன்னாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகன் இன்னும் ஞாயிறு பூசைக்குப் போகத் தொடங்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.